வெள்ளிமலையின் பிள்ளைகள்

ஏப்ரல் 2

பவானி குட்டி போட்டுவிட்டாள். பெட்டைக் குட்டி. விடிந்து சற்று நேரத்தில் மாரப்பன் ஜன்னல் கம்பியைத் தட்டினார். "டீச்சரம்மா, ரெண்டு உசுராயிருச்சுங்க. வந்து பாருங்க."

நான் போனபோது குட்டி எழுந்து நின்றிருந்தது. கால்கள் நான்கும் நான்கு திசைக்குப் போயிருந்தன. பள்ளிக்கூடத்தில் கரும்பலகையைத் தாங்கும் முக்காலியைச் சரியாக விரிக்காமல் விட்டால் நிற்குமே, அப்படி. ஈரம் காயாத உடம்பு, கரும்பழுப்பு நிறம். மாரப்பனுக்கு அதுதான் குறை.

"தாயும் வெள்ளை, தகப்பனும் வெள்ளை. இது எப்படிங்க இந்த நெறத்துல?"

"இந்த வகை வெள்ளைக் குதிரை கறுப்பாகப் பிறந்து பிறகுதான் வெளுக்கும், மாரப்பன். என் தலையைப் பாருங்கள். இதுவும் ஒரு காலத்தில் கறுப்புதான்."

"அப்ப டீச்சரம்மா வயசு வந்தாத்தான் வெளுக்குமுங்களா?"

"ஏழெட்டு வருடம் போதும்."

"சரிங்க. நான் இருந்தா பாக்கறேன்."

பதினொரு மணிக்கு ராவுத்தரண்ணன் ஒரு பெட்டி பேரீச்சம்பழத்தோடு வந்தார். குட்டியின் தகப்பன் நவாபு அவருடைய குதிரை. பழத்தை எடுத்துக் குட்டியின் முதுகோடு வைத்து நிறம் பார்த்தார். "தங்கச்சி, இவ பேரு ஈச்சை" என்றார். வைத்தாகிவிட்டது.

மாமா இருந்திருந்தால் இன்று தீவனக் கடையைத் திறந்திருக்க மாட்டார். அவர் போய் ஒன்றேகால் வருடம். கல்யாணமாகி நாற்பத்தைந்து வருடம் மாமா என்று கூப்பிட்ட வாய், இன்று காலையும் ஜன்னல் பக்கம் திரும்பி "மாமா, குட்டி!" என்றது. மாரப்பன் கேட்காததுபோல் வைக்கோலைப் பரப்பிக்கொண்டிருந்தார். நல்ல மனிதர்.

ஈச்சைக்குத் தாய் வழியிலும் தகப்பன் வழியிலும் தாத்தா வெள்ளிமலைதான். பவானியும் நவாபும் வெள்ளிமலைக்கு வேறு வேறு குதிரைகளிடம் பிறந்தவர்கள். போன வருடம் நாங்கள் யோசித்து முடிவு செய்த ஜோடி இது.

ஏப்ரல் 3

நன்றாகப் பால் குடிக்கிறது. பவானிக்குக் கொள்ளும் தவிடும். பல் வைத்தியரிடம் போக மறந்தேன்.

ஏப்ரல் 19

ஈச்சையின் நெற்றியில் வெள்ளைச் சுட்டி இருக்கிறது. இடது பக்கம் கொஞ்சம் இழுத்த பிறை. வெள்ளிமலைக்கு இருந்த அதே சுட்டி. அவன் உடம்பு முழுக்க வெளுத்த பிறகு அது தெரியாமல் போனது. குளிப்பாட்டும்போது மட்டும் ஈரத் தோலில் இளஞ்சிவப்பாகத் தெரியும்.

தொண்ணூற்று இரண்டில் மாமா அவனை பெங்களூரிலிருந்து லாரியில் கொண்டுவந்தார். அரபிக் குதிரை, நான்கு வயது. கடைத்தெருவே திரண்டு வந்து பார்த்தது. "ஏனுங்க, இது தவிடு திங்குமா, பேரீச்சம்பழந்தான் திங்குமா?" என்று ஒருவர் கேட்டார். ஒரு வருடம் பழக்கிய பிறகு, வண்டியில் பூட்டி என்னைப் பள்ளிக்கூடத்தில் விட்டுவருவார். பெண்கள் மேல்நிலைப் பள்ளியின் வாசலில் அரபிக் குதிரை வண்டியிலிருந்து இறங்கிய உயிரியல் டீச்சர் இந்தப் பக்கத்தில் நான் ஒருத்திதான். பிள்ளைகள் எனக்கு "மகாராணி" என்று பெயர் வைத்திருந்தார்கள். எனக்குத் தெரியாது என்று நினைத்துக்கொண்டிருந்தார்கள்.

மாலையில் கடைசி மணி அடித்தால் வெள்ளிமலை தானாகத் தலையைத் தூக்கும். மாமா வண்டியில் சாய்ந்து செய்தித்தாள் படித்துக்கொண்டிருப்பார். மணி அடித்தது அவருக்குக் கேட்காது. குதிரை தலை தூக்கியதைப் பார்த்துத்தான் தாளை மடிப்பார்.

மே 11

நல்ல வெயில். ஒரு நாளைக்கு மூன்று முறை தண்ணீர்த் தொட்டி நிரப்ப வேண்டியிருக்கிறது. ஈச்சை காலையில் வேலியை ஒட்டி ஓடுகிறாள், திரும்பி வருகிறாள், மறுபடி ஓடுகிறாள். கழுத்தை வளைத்து நிற்கும்போது ராவுத்தரண்ணன் சொன்னார்: "வெள்ளிமலையே மறுபடி வந்துட்டான் தங்கச்சி."

நான் ஆசைப்பட்டதும் அதற்குத்தான்.

மே 26

ஈச்சை பால் குடிக்க வாயைக் கொண்டுபோகும்போது தலை லேசாக ஆடுகிறது. எல்லாவற்றுக்கும் ஆமாம் சொல்வதுபோல. இந்த மாதம் ஈ அதிகம். வேப்பிலைப் புகை போடச் சொன்னேன்.

மே 29

ஈ இல்லை.

ஜூன் 4

மாரப்பன் கையிலிருந்து தண்ணீர் வாளி நழுவி விழுந்தது. அந்தச் சத்தத்துக்கு ஈச்சை முன்னங்காலைத் தூக்கிப் பின்பக்கமாக அப்படியே மல்லாந்தாள். எந்தக் குட்டியும் அப்படி விழுந்து நான் பார்த்ததில்லை. எழுந்திருக்க நான்கு முறை முயன்றாள்.

மாரப்பன் என்னைத் தொழுவத்துக்குப் பின்னால் கூப்பிட்டுப்போய்த் தாழ்ந்த குரலில் சொன்னார். "டீச்சரம்மா, கோவிச்சுக்காதீங்க. இதுக்குக் கண்ணுக்குக் கீழ சுழி இருக்குதுங்க. அன்னைக்கே பாத்தனுங்க. சொன்னா நீங்க பாடம் எடுப்பீங்கன்னு சொல்லலீங்க."

"சுழியா தலையை ஆட்டுகிறது?"

"வேற எது ஆட்டுதுங்க?"

சுழி என்பது மயிர் வளரும் திசை, நம் உச்சந்தலையில் இருப்பதுபோல என்று சொன்னேன். அவர் பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். முப்பத்தாறு வருடம் என் முன்னால் உட்கார்ந்த பிள்ளைகளில் பாதிப் பேர் இப்படித்தான் கேட்டிருப்பார்கள்.

ஜூன் 10

கால்நடை மருத்துவர் பிரிசில்லா வந்தார். சின்ன வயதுதான், ஆனால் அவசரப்படாதவர். முதலில் அரை மணி நேரம் சும்மா நின்று பார்த்தார். பிறகு குட்டியைச் சிறிய வட்டமாக நடத்தச் சொன்னார். ஈச்சை முன்னங்கால்களைத் தேவைக்கு மேல் தூக்கித் தூக்கி வைத்தாள், குடியரசு தின அணிவகுப்பில் நடப்பதுபோல. தரை எவ்வளவு தூரத்தில் இருக்கிறது என்பது அவளுக்குத் தெரியவில்லை.

"பலம் இருக்கு மேடம். பலவீனம் இல்ல. அளவுதான் தப்புது. எனக்குச் சிறுமூளை மேலதான் சந்தேகம். அரபிக் குதிரைகள்ல பரம்பரையா வர்ற ஒரு நோய் இருக்கு. பொறக்கும்போது நல்லா இருக்கும். ரெண்டாவது மாசத்துல இருந்து சிறுமூளை செல்லுங்க தேய ஆரம்பிக்கும்."

"மருந்து?"

"இல்ல மேடம்."

தாயிடமிருந்தும் குட்டியிடமிருந்தும் பிடரி மயிரை வேரோடு பிடுங்கி உறையில் போட்டார். வெளிநாட்டு ஆய்வகத்துக்குப் போக வேண்டுமாம். பவானி அசையாமல் நின்றாள். உறையின் மேல் எழுதிக்கொண்டே மருத்துவர் கேட்டார்:

"இதோட அம்மாவும் அப்பாவும் சொந்தமா மேடம்?"

குதிரைகளில் அப்படியெல்லாம் பார்ப்பதில்லை என்றேன்.

ஜூன் 13

வெள்ளிமலை செத்த அன்று மாமா அவன் வாலிலிருந்து ஒரு கற்றை வெட்டி மஞ்சள் துணியில் முடிந்து வைத்தார். இன்று பீரோவிலிருந்து அதை எடுத்தேன். ஒன்பது வருடத்துக்குப் பிறகும் பளபளப்புக் குறையவில்லை. மருத்துவருக்கு போன் செய்து, இதையும் அனுப்பலாமா என்று கேட்டேன்.

"வேர் இருக்கா மேடம்?"

"இல்லை. கத்தரியால் வெட்டியது."

"அப்ப அதுல ஒண்ணும் தெரியாதுங்க."

போனை வைத்ததும் எனக்கு ஒரு நிம்மதி வந்தது. அதை இங்கே எழுதாமல் விட்டால் இந்த நோட்டு எதற்கு?

ஜூன் 22

ராவுத்தரண்ணன் ஆறு வாரம் கழித்து இன்றுதான் ஈச்சையைப் பார்த்தார். வேலிக்கு வெளியே நின்றார், உள்ளே வரவில்லை. நான் எதுவும் சொல்வதற்கு முன்பே கேட்டார்: "பின்பக்கமா விழுகுதா?"

"விழுகிறது."

தொப்பியைக் கழற்றித் துடைத்து மறுபடி வைத்துக்கொண்டார். மோர் கொடுத்தேன். பாதி குடித்தார்.

"தங்கச்சி, நான் ஒண்ணு சொன்னா கேப்பியா? டாக்டரம்மாகிட்டச் சொல்லி ஒரு ஊசி போட்டு முடிச்சிரு. ஆடிச் சந்தைக்கு ஒன்றரை மாசம் இருக்குது. அந்தியூர் வர்றவனெல்லாம் பவானி குட்டியப் பாக்கணும்னு இங்கயும் ஒரு எட்டு வருவான். அவனுக கண்ணுல இது பட வேண்டாம்."

"பட்டால் என்ன அண்ணா?"

"மாப்ளை பேரு கெட்டுப்போகும். இந்தப் பக்கத்துல இருக்கற பாதிக் குதிரைக்கு வெள்ளிமலை வழின்னுதானே மதிப்பு? வெள்ளிமலைன்னா மாப்ளைதானே?"

யோசிக்கிறேன் என்றேன். சரி என்றும் சொல்லியிருப்பேன். ஆனால் அந்த நேரம் ஈச்சை பால் குடித்து முடித்துவிட்டு, வாயோரம் நுரையோடு, ஆடும் தலையைத் தூக்கி எங்களைப் பார்த்தாள்.

சந்தையில் நவாபோடு இனம் சேர்க்கப் பெட்டைக் குதிரைகளைக் கொண்டுவருவார்கள். வருடா வருடம் பதினைந்து இருபது வரும்.

ஜூன் 30

பழைய இலவம்பஞ்சு மெத்தைகள் மூன்றைப் பிரித்துத் தொழுவத்தின் தூண்களில் கட்டினோம். ஒரு வண்டி ஆற்று மணலைத் தரையில் பரப்பினோம். மாரப்பன், "மாப்பிள்ளை வீடு மாதிரி ஆயிருச்சுங்க" என்றார். தண்ணீர்த் தொட்டியின் விளிம்பில் இடித்துக்கொள்கிறாள் என்று அதை எடுத்துவிட்டு ரப்பர்த் தொட்டி வைத்தோம். இன்று ஒருமுறைதான் விழுந்தாள்.

ஜூலை 9

முடிவு வந்துவிட்டது. மருத்துவர் நேரில் வந்து சொன்னார். சந்தேகப்பட்ட நோய்தான். ஈச்சையிடம் அந்தக் குறை இரட்டையாக இருக்கிறது. பவானியிடம் ஒற்றையாக. "நவாபுக்கும் பாக்கணும் மேடம், மயிர் கிடைக்குமா?" என்றார். ராவுத்தரண்ணன் தரமாட்டார். தேவையும் இல்லை. இந்தக் கணக்கை முப்பத்தாறு வருடம் போட்டவள் நான்.

வகுப்பில் வளையலை வைத்துச் சொல்வேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வளையல். ஒன்று அம்மா போட்டது, ஒன்று அப்பா போட்டது. உனக்குக் குழந்தை பிறக்கும்போது கண்ணை மூடிக்கொண்டு உன் இரண்டில் ஒன்றைக் கழற்றிக் கொடு. உன் வீட்டுக்காரரும் ஒன்று கொடுப்பார். உன் இரண்டில் ஒன்று விரிசல் விட்டது என்று வை. உனக்குக் குறை தெரியாது, இன்னொன்று நன்றாக இருக்கிறதே. அவருக்கும் அப்படியே. நான்கு பிள்ளை பிறந்தால் ஒன்றுக்கு இரண்டு கையிலும் விரிசல் வளையலாக வந்து சேரலாம். யார் மேலும் தப்பில்லை. கொடுத்தவர்களுக்கே தெரியாது.

விரிசல் வளையல் இரண்டு பக்கமிருந்தும் வராமல் ஈச்சைக்கு இப்படி ஆகாது. நவாபும் கொடுத்திருக்கிறான். பவானியின் தாய் வேறு, நவாபின் தாய் வேறு. பொதுவாக இருப்பது ஒருவன்தான்.

வேர் இல்லாத மயிர் என்று நிம்மதிப்பட்டேனே. இதற்கு மயிர் எதற்கு?

ஜூலை 11

வம்சாவளி நோட்டை எடுத்தேன். மாமா பழைய பள்ளிக்கூடத்து ரெக்கார்டு நோட்டு ஒன்றில் எல்லாக் குட்டிகளையும் எழுதி வைத்திருந்தார். தாய், தகப்பன், தேதி, நிறம், சுட்டி, யார் வாங்கினார்கள். கடைக் கணக்கில் அவர் இவ்வளவு ஒழுங்கு கிடையாது.

இரண்டாயிரத்துப் பதினெட்டு, மார்ச். செண்பகத்துக்கும் நவாபுக்கும் ஆண் குட்டி. செண்பகமும் வெள்ளிமலையின் மகள். மற்ற வரிகளில் எல்லாக் கட்டமும் நிரம்பியிருக்கிறது. இந்த வரியில் "மூன்று மாதம்" என்பதோடு நிற்கிறது. அந்தக் குட்டி ரோட்டுக்கு ஓடி லாரியில் அடிபட்டுவிட்டதாக மாமா சொன்னார். நான் அழுதேன். மூன்று நாள் அவரும் சரியாகச் சாப்பிடவில்லை.

கடைசிப் பக்கம் என் கையெழுத்து. போன வருடம் ஏப்ரலில் போட்ட படம். அளவுகோல் வைத்துக் கோடு கிழித்து, சிவப்பு மையில் பெட்டி போட்டு, கீழே எழுதியிருக்கிறேன்: "இரு வழியும் வெள்ளிமலை. எனவே அவன் குணங்கள் நிலைபெறும்."

நாங்கள் முடிவு செய்தோம் என்று ஏப்ரலில் எழுதினேன். அது சரியில்லை. ராவுத்தரண்ணன் வேண்டாம் என்றார். ஒருமுறை இல்லை, மூன்று முறை. "வேற குதிரை பாக்கலாம் தங்கச்சி, ஓசூர்ல நல்ல குதிரை இருக்குதாம்" என்றார். நான்தான் பிடிவாதமாக நின்றேன். மாமா போன மூன்றாம் மாதம் அது. வீட்டில் அவர் சத்தம் இல்லை. அவர் குதிரையாவது திரும்ப வரட்டும் என்று நினைத்தேன்.

மூன்று முறை ஏன் சொன்னார் என்று அப்போது கேட்கவில்லை.

ஜூலை 13

பஸ் ஏறி ராவுத்தரண்ணன் வீட்டுக்குப் போனேன். லாயத்தில் நவாபுக்குக் குளம்பு சுத்தம் செய்துகொண்டிருந்தார். நோட்டைத் திறந்து அந்த வரியைக் காட்டினேன். கண்ணாடி இல்லை என்றார். கண்ணாடி அவர் சட்டைப் பையில் இருந்தது.

"அண்ணா, செண்பகம் குட்டிக்கும் தலை ஆடியதா?"

நவாபின் காலைக் கீழே விட்டார்.

"ஆடுச்சு."

"லாரி?"

"லாரியுமில்ல ஒண்ணுமில்ல. நானும் மாப்ளையும்தான் டாக்டரக் கூட்டியாந்து ஊசி போட்டோம். இந்த வேப்பமரத்துக்கு அந்தால புதைச்சிருக்குது."

"என்னிடம் ஏன் சொல்லவில்லை?"

"சொல்லக் கூடாதுன்னு மாப்ளை சத்தியம் வாங்கிக்கிட்டாரு."

"பேர் கெடும் என்றா?"

"பேரா?" அவருக்குக் கோபம் வந்தது. "பேருக்குப் பயப்படறவனா அவரு? அது நான். அவரு சொன்னது வேற. 'ராவுத்தரே, தலை ஆடற ஒரு குட்டிய என்ற திலகா இன்னொருக்காப் பாக்கக் கூடாது. ஒருக்காப் பாத்தது போதும்' அப்படீன்னாரு. நான் என்ன பண்ணட்டும் தங்கச்சி? அவரு போன பொறவு நீ வந்து நவாபத்தான் சேக்கணும்னு நிக்கற. வேண்டாங்கறேன். ஏன்னு கேக்க மாட்டேங்கற. கேட்டிருந்தாச் சத்தியமாவது மண்ணாவதுன்னு சொல்லிப்போட்டிருப்பேன்."

நவாபு என் தோளில் மூக்கை வைத்து மோந்தான். அவனும் வெள்ளிமலையின் கழுத்துதான்.

பஸ்ஸில் திரும்பினேன். வழியில் முருங்கைக்கீரை வாங்கினேன்.

ஜூலை 14

கீரையை ஆய்ந்தேன்.

ஜூலை 17

எழுதிவிடுகிறேன்.

மாமா என்று நான் கூப்பிட்டது இந்தப் பக்கத்துப் பெண்கள் புருஷனைக் கூப்பிடும் வழக்கத்தால் மட்டுமில்லை. அவர் என் அம்மாவின் தம்பி. நான் பிறந்த அன்று என்னைத் தூக்கி வைத்திருந்தவர், அப்போது அவருக்குப் பதினோரு வயது. உரிமைப் பெண் என்று எல்லோரும் சொல்லிச் சொல்லி, எனக்கும் வேறு யாரையும் நினைக்கத் தோன்றவில்லை. நினைத்திருந்தாலும் அவரைத்தான் கட்டியிருப்பேன்.

எங்களுக்குப் பிறந்த ஒரே பையனுக்கு ஆறாவது மாதத்திலும் தலை நிற்கவில்லை. கோயம்புத்தூரில் ஒரு பெரிய டாக்டர் பார்த்தார். சீட்டில் எழுதிக்கொண்டே, தலை நிமிராமல் கேட்டார்: "சொந்தமா?" மாமா சொன்னார்: "அக்கா மகளுங்க." டாக்டர் அதையும் எழுதிக்கொண்டார். வேறு ஒன்றும் சொல்லவில்லை. நாங்களும் கேட்கவில்லை. திரும்பும் பஸ்ஸில் மாமா குழந்தையின் தலையைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டே வந்தார். சத்தியமங்கலம் வரை கையை மாற்றவில்லை. பதினான்கு மாதம் இருந்தான். அதற்குப் பிறகு நாங்கள் பிள்ளை வேண்டாம் என்று பேசி முடிவெடுக்கவில்லை. பேசாமலே முடிவாகிவிட்டது.

அவன் போன மாதமே பத்தாம் வகுப்புக்குப் பட்டாணிச் செடிப் பாடம் வந்தது. எடுத்தேன். பட்டாணி, வளையல், பூ நிறம் என்று எத்தனையோ எடுத்துக்காட்டு சொன்னேன். அன்றிலிருந்து ஓய்வு பெறும் வரை ஒவ்வொரு வருடமும் சொன்னேன். அந்தப் பிள்ளைகளில் எத்தனை பேர் மாமனைக் கட்டியிருப்பார்கள்.

மாமா என்னைக் காப்பாற்ற ஒன்றை மறைத்தார். நான் என்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒன்றைச் சொல்லாமல் விட்டேன். நடுவில் ஈச்சை நிற்கிறாள், தலையை ஆட்டிக்கொண்டு.

ஜூலை 21

மருத்துவர் பிரிசில்லா மறுபடி பார்த்தார். இனி இதற்கு மேல் அதிகமாக மோசமாகாமல் அப்படியே நிற்கலாம் என்றார். வலி இல்லை. ஆனால் யாரும் ஏற முடியாது, வண்டியில் பூட்ட முடியாது, மிரண்டால் மனிதர் மேலும் விழும். "வச்சுக்கிறதும் தப்பில்ல, விடறதும் தப்பில்ல மேடம். நீங்கதான் சொல்லணும்."

பக்கத்தில் மாரப்பன் ஈச்சைக்குச் சொறிந்து கொடுத்துக்கொண்டிருந்தார். "திங்குதுங்க, வெளையாடுதுங்க. சுழி இருந்தா இருந்துட்டுப் போகுது. நான் பாத்துக்கறேனுங்க" என்றார்.

ஈச்சை இங்கேயே இருப்பாள்.

மாலையில் ராவுத்தரண்ணனுக்கு போன் செய்தேன். ஈச்சையை மறைக்கப்போவதில்லை, சந்தையில் சொல்லிவிடுங்கள் என்றேன். நவாபு ஆரோக்கியமான குதிரைதான், வெள்ளிமலை வழி இல்லாத பெட்டையோடு சேர்த்தால் இப்படிக் குட்டி பிறக்காது, அந்த வழியில் வந்ததை மட்டும் திருப்பி அனுப்பினால் போதும் என்று வளையல் பாடத்தையும் சொன்னேன்.

"எனக்கே வளையல் மாட்டப் பாக்கறியா தங்கச்சி? நான் ஆறாப்புலயே நின்னவன்."

"நவாபைக் குறை சொல்லவில்லை அண்ணா."

"இருவது வருசமா வெள்ளிமலை மவன்னு சொல்லி நிறுத்தின வாயால, இப்ப வெள்ளிமலை பேத்தி வேண்டாம்னு எப்படிச் சொல்லுவேன்? அதுவும் மாப்ளை செத்த பொறவு? என்னால ஆகாது. உனக்கு அவ்வளவு தைரியம்னா நீ வந்து சொல்லு. நாற்காலி போடறேன், உக்காந்துட்டுச் சொல்லு."

கோபத்தில் சொன்னார். நான் வருகிறேன் என்றேன்.

"மாப்ளையப் பத்தி அங்க ஒண்ணும் பேசாதே" என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

ஆகஸ்ட் 6

அந்தியூர். சந்தையில் எள் போட்டால் விழ இடமில்லாத கூட்டம். குதிரை, மாடு, சலங்கைக் கடை, கரும்புச் சாறு, எங்கோ ஒலிபெருக்கியில் தொலைந்துபோன குழந்தையின் அடையாளம். புளியமரத்தடியில் நவாபை நிறுத்தியிருந்தார்கள். கழுத்தில் சிவப்புக் குஞ்சம், நெற்றியில் வெள்ளித் தகடு. பக்கத்தில் நிஜமாகவே ஒரு நாற்காலி, அதன் மேல் ஒரு தலையணையும் இருந்தது. ராவுத்தரண்ணன் என்னைப் பார்க்காமல், "வெயில் ஏறும் முன்ன உக்காரு" என்றார்.

நோட்டை மடியில் விரித்துக்கொண்டு ஒவ்வொருவரிடமும் குதிரையின் தாய் தகப்பனைக் கேட்டேன். முதல் மூன்றுக்கும் நம் வழி இல்லை. ராவுத்தரண்ணன் தலையசைத்தார்.

நான்காவது, சென்னிமலைப் பக்கத்திலிருந்து குப்பண்ணன் என்பவர் கொண்டுவந்தது. பெரிய மீசை, சரிகைத் துண்டு. நான்கு வயதுச் சாம்பல் நிறக் குதிரை. கண்கள் மை தீட்டியதுபோல. தாய் யார் என்றேன். வாங்கிய இடத்தையும் வருடத்தையும் சொன்னார். நோட்டைப் புரட்டினேன். வெள்ளிமலையின் மகள் பெற்றது.

"இது நவாபுக்கு அக்கா மகள் ஆகிறது. சேர்க்கக் கூடாதுங்க" என்றேன்.

அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு கூட்டத்தைப் பார்த்தார். "அக்கா மவளா? அட, அப்ப முறைதானுங்களே! உரிமைப் பொண்ணை வெச்சுக்கிட்டு மாப்பிள்ளையை வெளிய தேடச் சொல்றீங்களே டீச்சர்! சீர்த் தட்டு எடுத்துட்டு வரட்டுங்களா?"

சுற்றி நின்ற இருபது முப்பது பேரும் சிரித்தார்கள். ஒருவர் வாயாலேயே நாதஸ்வரம் வாசித்தார். ராவுத்தரண்ணனும் சிரிக்கத் தொடங்கி, என்னைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்.

நான் எழுந்து நின்று வளையல் பாடத்தைத் தொடங்கினேன். ஒவ்வொருவர் கையிலும் இரண்டு வளையல் என்றேன். "இங்க யாருங்க வளையல் போட்டிருக்கறா?" என்று ஒரு குரல். மறுபடி சிரிப்பு. ராவுத்தரண்ணன் என் கையைத் தொடாமல், "போதும் தங்கச்சி, உக்காரு" என்றார்.

என்னிடம் இன்னொரு எடுத்துக்காட்டு இருந்தது. எந்த வகுப்பிலும் சொல்லாதது.

"என் வீட்டுக்காரர் எனக்குத் தாய்மாமன்" என்றேன். வகுப்பில் கடைசி வரிசைக்குக் கேட்க வேண்டுமென்றால் குரலை உயர்த்தக் கூடாது, இறக்க வேண்டும். "முறைதான். ஊரே வந்து சாப்பிட்டது. எங்களுக்கு ஒரு பையன் பிறந்தான். அவனுக்குத் தலை நிற்கவே இல்லை. பதினான்கு மாதம் இருந்தான். முறை என்பது நாம் வைத்தது. ரத்தத்துக்கு அது தெரியாது. குதிரையிலும் அப்படித்தான், வெள்ளிமலை வழியில் ஒரு நோய் வருகிறது. வெள்ளிமலை எங்கள் குதிரை. அந்த நோயில் தலை ஆடிக்கொண்டு என் வீட்டில் ஒரு குட்டி நிற்கிறது. சேர்த்து வைத்தது நான்தான். நாளைக்கு யார் வேண்டுமானாலும் வந்து பார்க்கலாம்."

சலங்கைக் கடையின் சத்தம் தனியாகக் கேட்டது. குப்பண்ணன் துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

"பையனுக்கு என்ன பேருங்க வெச்சிருந்தீங்க?"

நாற்பத்தோரு வருடமாக இதை யாரும் கேட்கவில்லை. கேட்டால் நான் உடைந்துபோவேன் என்று எல்லோரும் நினைத்திருக்க வேண்டும்.

"முகுந்தன்" என்றேன்.

"நல்ல பேருங்க" என்றார். குதிரையின் கழுத்தைத் தடவிக்கொண்டு நின்றார். பிறகு ராவுத்தரண்ணனிடம் திரும்பினார். "அப்ப இவளை எங்கீங்க கொண்டுபோறது?"

ராவுத்தரண்ணன் தாடியைச் சொறிந்தார். நவாபைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். இருபது வருடமாகச் சந்தையில் அவர் பேசாத மனிதர் ஒருவர் உண்டு.

"அந்தக் கோடியில தாராபுரத்துக்காரன் ஒருத்தன் மார்வாரிக் குதிரை வெச்சிருக்கறான் பாருங்க. வேற ரத்தம், நல்ல குதிரைதான். கொண்டுபோங்க. நான் அனுப்பினேன்னு மட்டும் அவன்கிட்டச் சொல்லிப்போடாதீங்க."

குப்பண்ணன் சிரித்துக்கொண்டே கயிற்றைத் திருப்பினார். கூட்டத்தில் இரண்டு பேர் தங்கள் குதிரைகளோடு ஓசைப்படாமல் பின்வாங்கிப் போனார்கள். ராவுத்தரண்ணன் அவர்களை எண்ணவில்லை. மண்பானையிலிருந்து தண்ணீர் மொண்டு எனக்கு நீட்டினார். குடித்தேன். நாற்காலியை நிழலுக்கு நகர்த்திப் போட்டார்.

அடுத்தவர் செம்பழுப்புக் குதிரை ஒன்றின் கயிற்றைப் பிடித்துக்கொண்டு முன்னால் வந்து நின்றார். நான் பேனாவின் மூடியைக் கழற்றினேன்.

"வாங்க. இவளுக்குத் தகப்பன் யாருங்க?"